படகு யாருடையது?

அப்புத்தளைக்கு மேலே, தம்பதென்னைத் தோட்டத்தின் உச்சியில் ‘லிப்டன் சீட்’ என்றொரு இடம் இருக்கிறது. விடியுமுன் வேனில் வந்து இறங்கும் உல்லாசப் பயணிகள் அங்கே லிப்டனின் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1890இல் இலங்கைக்கு வந்து தம்பதென்னையை வாங்கிய தோமஸ் லிப்டன் தேயிலையால் பேர் பெற்றவர் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கு இருந்த மற்றொரு பைத்தியத்தைப் பற்றித்தான் ஊவாவில் அதிகம் பேச்சில்லை. 1899 முதல் 1930 வரை ‘ஷாம்ரொக்’ என்ற பெயரில் ஐந்து பாய்மரப் படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, அமெரிக்கக் கிண்ணம் எனப்படும் புகழ்பெற்ற படகுப் போட்டியில் ஐந்து தடவை இறங்கினார். ஐந்திலும் தோல்வி. 1920இல் முதல் இரண்டு ஓட்டங்களை வென்றுவிட்டு, அடுத்த மூன்றையும் கோட்டைவிட்டார்.

அந்தப் பாய்களில் ஊவாக் கொழுந்தின் காசும் இருந்தது. பெரட்டுக்குப் போய்க் கூடையைத் தூக்கியவர்களுக்கு அப்படியொரு படகு ஓடுவது தெரிந்திருக்க வழியில்லை. விசித்திரம் என்னவென்றால், அந்தப் படகைக் கட்டிய கோடீஸ்வரரையும் வாசலில் நிறுத்தி வைத்த ஒரு கழகம் இருந்தது. இங்கிலாந்தின் ரோயல் யாட் ஸ்குவாட்ரன், பலசரக்குக் கடையிலிருந்து மேலே வந்த இந்த மனிதரை உறுப்பினராக ஏற்கவில்லை. ஆகவே அவர் ரோயல் அல்ஸ்டர் யாட் கழகத்தின் பெயரில் போட்டியிட வேண்டியிருந்தது. ஸ்குவாட்ரனின் கதவு 1931இல்தான் திறந்தது. அதே ஆண்டில் லிப்டன் காலமானார்.

இது பழங்கதை. ஆனால் உலகெங்கும் பாய்ப்படகுக் கழகங்கள் இன்று படும் பாட்டைப் புரிந்துகொள்ள அந்த வாசலிலிருந்து தொடங்குவது நல்லது. அன்று உள்ளே விடக்கூடாது என்று ஆள் பார்த்துத் தடுத்தவர்கள் இன்று உள்ளே வர ஆள் இல்லையே என்று கவலைப்படுகிறார்கள். போட்டி நாளில் படகுகள் கரையில் வரிசையாகக் கிடக்கின்றன. ஏறத்தான் ஆள் போதவில்லை. இரட்டையுடல் படகுகளான கட்டமரன்களின் கழகங்களில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது.

கட்டமரனுக்கும் வாசலில் நின்ற அனுபவம் உண்டு. லிப்டனை நான்கு தடவை தோற்கடித்த படகுகளை வரைந்தவர் அமெரிக்கரான நத்தானியல் ஹெரஷொஃப். இளைஞராக இருந்தபோது, 1876இல், இரண்டு ஒடுங்கிய உடல்களைச் சேர்த்துக் கட்டிய ‘அமரில்லிஸ்’ என்ற படகோடு நியூயோர்க் போட்டியொன்றுக்கு வந்தார். பெரிய பெரிய படகுகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளினார். தோற்றவர்கள் முறையிட்டார்கள். இது படகே இல்லை என்று இரட்டையுடலைப் போட்டிகளிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். அந்த ஒதுக்கல் தலைமுறைகள் தாண்டியும் நீடித்தது.

ஒதுக்கப்பட்ட படகை மக்களிடம் கொண்டுபோனவர் கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்ட்டர். 1960களின் கடைசியில் அவர் செய்த சிறிய கட்டமரனுக்குத் துறைமுகம் வேண்டாம், இறங்குதுறை வேண்டாம். இரண்டு பேர் மணலில் தள்ளிக்கொண்டுபோய் அலையில் விட்டால் போதும். பதினாறு அடி நீளமான ‘ஹோபி 16’ இலட்சத்துக்கு மேல் விற்றது. சனிக்கிழமை குடும்பத்தோடு கடற்கரைக்கு வருவார்கள், போட்டி ஓட்டுவார்கள், அங்கேயே சமைத்துச் சாப்பிடுவார்கள். யாட் கழகத்தின் கோட்டு, சூட்டு, அங்கத்துவச் சந்தா எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

பிறகு வேகப் பித்துப் பிடித்தது. ‘டொர்னாடோ’ கட்டமரன் 1976இல் ஒலிம்பிக்குக்குப் போனது. 2008க்குப் பிறகு வெளியேற்றப்பட்டது. 2012 இலண்டனில் கட்டமரனே இல்லை. 2016இல் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓட்டும் ‘நாக்ரா 17’ வந்தது. 2013இல் அமெரிக்கக் கிண்ணமே 72 அடிக் கட்டமரன்களின் போட்டியாகி, படகுகள் தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறந்தன. தொலைக்காட்சிக்கு நல்ல விருந்து. ஆனால் இதைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நாமும் ஒரு ஓட்டம் போடுவோம் என்று எழுந்து போகக்கூடியவர் யார்? ஒவ்வொரு புதுப் படகும் பழைய படகை இன்னும் கொஞ்சம் மட்டமாக்கியது. ஒரே மாதிரிப் படகு இருபது நின்ற கரையில் ஆறு மாதிரிப் படகுகள் மும்மூன்றாக நின்றால், யார் வென்றார் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்லமுடியும். கணக்கில் வென்ற வெற்றியில் ருசி இல்லை.

ஆனாலும் வேகத்தின் மீது மட்டும் பழி போடுவது சரியாகாது. இரண்டு பேர் ஓட்டும் படகில் பின்னால் இருப்பவர் சுக்கானைப் பிடிப்பார். அநேகமாகப் படகு அவருடையது. முன்னால் இருப்பவர் கயிற்றை இழுப்பார், காற்றுக்கு எதிராக உடம்பை வெளியே சாய்த்துத் தொங்குவார், முதல் அலையை முகத்தில் வாங்குவார். கழகத்தின் பதிவேட்டில் முதலாமவரின் பெயர் இருக்கும். கிண்ணத்திலும் அநேகமாக அதுவே இருக்கும். எந்தக் கழகத்திலும் முதலில் காணாமல் போவது இந்த இரண்டாமவர்தான். அவருக்குக் கல்யாணமாகிறது, வேலை மாறுகிறது, ஞாயிறு கிடைக்காமல் போகிறது. அவர் போனதும் சொந்தக்காரரின் படகு கரையில் கிடக்கிறது. கழகமோ படகு வாங்கக்கூடிய அடுத்த ஆளைத் தேடுகிறது. ஏறக்கூடிய அடுத்த ஆளைத் தேடுவதே இல்லை.

நம் கரைகளிலும் படகு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கரையில் கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகு பிடித்தது பல ஆண்டுக் கதை. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் குவிந்த படகுகள் அதை முடித்துவைத்தன. நீர்கொழும்பில் பக்கமிதவை கட்டிய பாய்வள்ளங்கள் இன்னும் ஓடுகின்றன என்றாலும், வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய படகுகளுக்கு நடுவே தேடித்தான் பார்க்கவேண்டும். தொழிலுக்குப் போகாத வள்ளம் போட்டிக்கு மட்டும் வந்தால் அது காட்சிப் பொருள். அதை ஓட்டத் தெரிந்த கை வீட்டிலேயே இருந்தால்தான் போட்டி போட்டியாக இருக்கும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல் அந்த ஊர் மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அதை யாரும் போட்டிக்காகப் பழகவில்லை. பிழைப்புக்காகப் பழகிய கை அது.

சென்னையில் 1911இல் ரோயல் மெட்ராஸ் யாட் கழகத்தைத் தொடங்கியவர் துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். தன் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த இராமானுஜனின் கணக்குத் திறமையைக் கண்டு துணைநின்றவரும் இவரே. துரைமாரின் கழகமாகத் தொடங்கிய அது இன்றும் துறைமுகத்துக்குள்ளே இயங்குகிறது. சென்னையிலிருந்து நேத்ரா குமணன், கே. சி. கணபதி, வருண் தக்கர் ஆகியோர் டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார்கள். ஆனால் ஒலிம்பிக்குக்கு மூன்று பேர் போவதும் ஒரு கரை முழுக்கப் பிள்ளைகள் படகேறுவதும் வெவ்வேறு சங்கதிகள்.

கரை முழுக்க ஆள் ஏறுவதைப் பார்க்கவேண்டுமானால் கேரளத்தின் ஆலப்புழைக்குப் போகவேண்டும். 1952இல் நேரு வந்தபோது நடந்த ஓட்டத்திலிருந்து வளர்ந்த நேரு கிண்ணப் படகுப் போட்டி இன்றும் புன்னமடைக் காயலின் இரு கரையையும் நிறைக்கிறது. ஒரு சுண்டன் வள்ளத்தில் நூறு பேர்வரை துடுப்புப் போடுவார்கள். அந்த வள்ளத்துக்குத் தனி முதலாளி கிடையாது. ஊரார் பங்கு போட்டுக் கட்டுவார்கள். ஊர்ப் பெயரையே அதற்கு வைப்பார்கள். துடுப்புக்காரர்களோ வேறொரு கழகத்தில் இருப்பார்கள். எந்த ஆண்டில் எந்தக் கழகம் எந்த ஊர் வள்ளத்தில் ஏறும் என்பது பேசி முடிக்கிற விஷயம்.

2023இல் பள்ளாத்துருத்தி படகுக் கழகம் வீயபுரம் வள்ளத்தில் ஏறி வென்றது. 2024இல் அதே கழகம் காரிச்சால் வள்ளத்துக்கு மாறியது. இப்போது வேறு கழகத்தின் கையில் இருந்த வீயபுரத்தை 0.005 விநாடி வித்தியாசத்தில் முந்தித் தொடர்ந்து ஐந்தாவது தடவையாகக் கிண்ணத்தை எடுத்தது. முந்திய ஆண்டு தாங்கள் வென்ற வள்ளத்தையே மறு ஆண்டு தோற்கடித்தார்கள். படகு ஒருவரிடமும் கை இன்னொருவரிடமும் இருந்தால் எவ்வளவு சுவாரசியம் பிறக்கிறது பாருங்கள்! அங்கேயும் முணுமுணுப்பு உண்டு. கூலிக்கு வெளி மாநிலத் துடுப்பாளர்களை ஏற்றுகிறார்கள், ஊர்ப் பையன்கள் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள் என்று குட்டநாட்டுக்காரர்கள் குறைப்படுகிறார்கள். ஆனாலும் அங்கே ஆள் குறைந்தால் ஊர் கவலைப்படுகிறது. யாட் கழகத்தில் ஆள் குறைந்தால் செயலாளர் மட்டுமே கவலைப்படுகிறார்.

படகையும் கையையும் பிரித்துவைக்கும் இந்த முறையை ஹோபிக்காரர்களும் தங்கள் வழியில் கண்டுபிடித்தார்கள். ஹோபி 16 உலகப் போட்டிக்கு எவரும் தன் படகைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவருவதில்லை. ஏற்பாட்டாளர்களே ஒரே மாதிரியான படகுகளை வரிசையாக நிறுத்துகிறார்கள். வீரர்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் படகை மாற்றிக்கொள்கிறார்கள். பணக்காரரின் புதுப் பாய் என்ற சாக்கு அங்கே செல்லாது.

ஊவாவுக்கு இந்தப் பாடம் புதிதில்லை. படகை வைத்துப் படிக்கவில்லை, அவ்வளவுதான். துரைமார் காலத்தில் மலையகத்தில் கழகம் என்றால் துரைமார் கழகம். ஹட்டன் பக்கத்தில் டரவெல்லையில் இருக்கும் டிக்கோயா மஸ்கெலியா கழகம் 1868இல் தொடங்கியது. கிளிபர்ட் கிண்ண ரக்பியில் திம்புளை, டிக்கோயாவோடு ஊவாவும் ஒரு பெயராக ஒலித்தது. பதுளையிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் துரைமார் சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு விளையாடப் போவார்கள். மைதானத்தைச் செதுக்கியவர்களுக்கும் புல் வெட்டியவர்களுக்கும் அதில் கால் வைத்து விளையாட இடமில்லை. வெள்ளைக்காரத் துரைமார் ஊர் திரும்பினார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களோடு கம்பனித் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. அதற்குப் பிறகு அந்த அணிகளை நிரப்ப ஆள் எங்கே? பக்கத்து லயனில் ஆயிரம் பேர் இருந்தும் அணிக்குப் பதினைந்து பேர் தட்டுப்பாடான கதை அது. பதவியை வைத்து உறுப்பினர் சேர்த்த கழகம் பதவி போனதும் காலியானது.

அதே தோட்டங்களில் பெயர்ப்பலகை இல்லாத கழகங்கள் பிழைத்தன. மென்பந்துக் கிரிக்கெட்டும் கரப்பந்தும் நடக்காத தோட்டம் பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் இல்லை. மட்டை ஒன்று, வலை ஒன்று, பந்து ஒன்று. எல்லாம் கழகத்துச் சொத்து. யார் வீட்டுப் பிள்ளையானாலும் முறைக்கு ஆடலாம். தோட்டத்துக் கோயில் தேரை எடுத்துக்கொண்டாலும் அதே கதைதான். சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்த காசில் கட்டிய தேருக்கு எந்தத் தனி ஆளும் உரிமை கொண்டாடுவதில்லை. வடம் பிடிக்க ஆள் குறைந்ததாகவும் கேள்விப்பட்டதில்லை. கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போன பையன்கள்கூடத் திருவிழாவுக்கு லீவு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். குட்டநாட்டு ஊர் வள்ளமும் பசறைத் தோட்டத்துத் தேரும் ஒரே முறையில்தான் நிற்கின்றன.

ஆகவே இந்த மாகாணத்தில் ஒரு படகுக் கழகம் தொடங்கினால் அது கொழும்பைப் பார்த்து எழுதிய பிரதியாக இருக்கக்கூடாது என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. பெய்ரா வாவியில் ரோயிங், பொல்கொடை ஏரியில் பாய்ப்படகு என்ற மரபுக்கு மதிப்பு இருக்கிறது. கொழும்பு ரோயிங் கழகம் 1864இலேயே தோன்றியது. சென்னையின் மெட்ராஸ் படகுக் கழகத்தோடு அது 1898இலிருந்து போட்டி வைத்துவருகிறது. அந்த மரபைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது நகரத்தின் மரபு. சொந்தப் படகோ பெரிய பாடசாலையின் படகோ பின்னால் இருக்கிற பிள்ளைகளின் மரபு.

கடலே இல்லாத ஊவாவில் பாய்ப்படகா என்று சிரிப்பவர்கள் போபாலைப் பார்க்கவேண்டும். மத்தியப் பிரதேசத்துக்கும் கடற்கரை கிடையாது. போஜ மன்னன் வெட்டியதாகச் சொல்லப்படும் பழைய ஏரி ஒன்று போபாலில் இருக்கிறது. அங்கே மாநில அரசு நீர் விளையாட்டுப் பயிற்சிக் கூடம் நடத்துகிறது. தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள் நேஹா தாக்கூர் அங்கே பழகியவர். 2023 செப்டெம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 11 ஓட்டங்கள் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். படகு அவருடையதில்லை, அரசினது. ஹைதராபாத்தின் ஹுசைன் சாகர் ஏரியில் சுஹைம் ஷேக் 2009இல் தொடங்கிய யாட் கழகம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஏற்றியது. படகு வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் தேசியப் போட்டிகளில் பதக்கம் எடுக்கத் தொடங்கியபோது, இது பணக்காரர் விளையாட்டு என்ற பழைய வாதம் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

தண்ணீருக்கு ஊவாவில் குறைவில்லை. மலையிறங்கினால் மகியங்கனையில் சொரபொர வாவி இருக்கிறது. கல்லைக் குடைந்து மதகு வைத்த பழைய குளம். பக்கத்திலேயே மாப்பாகடை வாவி. மொனராகலைப் பக்கம் போனால் ஹந்தபானகலை, முத்துக்கண்டி. மேலே வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் உமா ஓயாத் திட்டத்தின் புஹுல்பொலை, டயரபா நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. அவை 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டவை. மின்சார நீர்த்தேக்கத்தில் நீர்மட்டம் ஏறி இறங்கும், அங்கே படகு விடுவது எளிதில்லை. பழைய குளங்களே தொடங்குவதற்கு ஏற்றவை. முதலை இருக்கிறதா என்று அந்தந்த ஊர் மீன்பிடிகாரரிடம் கேட்டுவிட்டு இறங்கவேண்டும். இது வேடிக்கைப் பேச்சில்லை.

காற்றும் இருக்கிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை மலை இடைவெளிகளால் இறங்கும் உலர்ந்த கச்சான் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அந்த மணத்தைக் கொடுப்பது. ஏலத்தில் ஊவாவின் விலை ஏறுகிற அதே மாதங்கள்தான் பாய் விரிக்கவும் ஏற்ற மாதங்கள். பிள்ளைகளுக்கு ஓகஸ்ட் விடுமுறையும் அதற்குள் வருகிறது.

என்ன படகு? 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்ற படகுக் கட்டுநர் இரண்டு தட்டுப் பலகையில் ‘ஒப்டிமிஸ்ட்’ என்ற குட்டிப் படகைச் செய்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கு விலை குறைந்த படகு வேண்டும், ஊர்க் கடைக்காரர்கள் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுக்கலாம் என்பதே கேள்வியாக இருந்தது. பின்னால் அது உலகமெங்கும் பரவி விலையும் ஏறிப்போனது வேறு விஷயம். ஆனால் மூலக் கணக்கு இன்றும் செல்லும். பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரித் தச்சுப் பட்டறைக்கு அப்படியொரு படகு பெரிய வேலையாக இருக்காது. நீரியல் வளம் படிப்பிக்கும் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் பதுளையில்தான் இருக்கிறது. இன்னும் எளிதாகப் பார்த்தால், கட்டுமரத்துக்கு ஏற்ற இலேசான மரமான அல்பீசியா தோட்டத்து ஓரங்களில் வளர்ந்து நிற்கிறது. நாலு கட்டையைச் சேர்த்துக் கட்டிய தெப்பமும் முதல் பருவத்துக்குப் போதும். அது கவிழ்ந்தாலும் அமிழாது.

ஆனால் படகுக்கு முன்னால் நீச்சல். இதில் பேரம் இல்லை. பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளின் பக்கத்தில் நீச்சல் தடாகம் என்ற ஒன்று கிடையாது. இராவணா எல்லை அருவியில் இறங்காதே என்று பலகை வைத்தும் குளிக்க இறங்கி உயிர் விட்டவர்கள் உண்டு. ஓயாக்களிலும் குளங்களிலும் பிள்ளைகள் மூழ்கிப்போகும் செய்தி நாளிதழ்களில் ஒரு மூலையில் வந்து போகும். வடக்கில் தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954இலும், வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் போகவும் வரவுமாகவும் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார்கள். அவர்களைப் பாடப்புத்தகத்தில் படிக்கிற மலையகப் பிள்ளைக்கு இடுப்பளவு தண்ணீரில் மிதக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. படகுக் கழகம் ஒன்று வந்து, போட்டி எதுவும் நடக்காமலே போய், ஐம்பது பிள்ளைகள் நீந்தப் பழகினாலும் செலவழித்த காசு வீண் போகாது.

போட்டி நடத்துவதற்கு என்ன வேண்டும் என்பதிலும் பலருக்கு மயக்கம் இருக்கிறது. காற்றுக்குக் குறுக்காக இரண்டு மிதவையிட்டுத் தொடக்கக் கோடு போடவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரு கொடி, நான்கு நிமிடத்துக்கு முன் ஒன்று, ஒரு நிமிடத்தில் ஒன்று இறங்கும், பிறகு ஓட்டம். முதலில் வருபவருக்கு 1 புள்ளி, இரண்டாமவருக்கு 2. கூட்டிப் பார்த்தால் குறைந்த புள்ளி எடுத்தவரே வெற்றியாளர்; மிக மோசமான ஒரு ஓட்டத்தைக் கழித்துவிடலாம். கொடி பிடிக்க, நேரம் பார்க்க, புள்ளி எழுத, மிதவையை இடம் மாற்ற, மீட்புப் படகில் காத்திருக்க என்று ஓடுபவர்களுக்குச் சமமான ஆள் கரையில் வேண்டும். இவர்களில் ஒருவருக்கும் படகு சொந்தமாக இருக்கத் தேவையில்லை. கணக்கு ஆசிரியை, பிரதேசச் செயலக அலுவலர், ஓய்வுபெற்ற பொலிஸ்காரர், கோயில் கமிட்டித் தலைவர் எல்லாரும் செய்யக்கூடிய வேலை. வெளிநாட்டுக் கழகங்கள் படுத்துக்கொண்டதற்கு இதுவும் காரணம். எல்லாரும் ஓடத்தான் ஆசைப்பட்டார்கள். கொடி பிடிக்க ஒருவரும் வரவில்லை. ஒரே இரண்டு மூன்று பேர் ஆண்டுக்கணக்கில் பிடித்துக் களைத்துப்போனார்கள்.

இந்த வேலையை அலட்சியமாக எடுக்க முடியாது என்பதைப் பதுளை மாவட்டம் அறியும். 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடம் விலகிப் பார்வையாளர் மீது பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். கரையில் நிற்பவரையும் தண்ணீரில் இருப்பவரையும் பாதுகாக்க வழி செய்யாமல் கிண்ணத்தை வாங்கி மேசையில் வைப்பது குற்றம். உயிர்காப்பு அங்கி இல்லாத பிள்ளை ஏறக்கூடாது, மீட்புப் படகு வராமல் கொடி ஏறக்கூடாது என்ற இரண்டு விதிகள் எழுதப்பட்ட பிறகுதான் முதல் விளம்பரம் போகவேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி எழும், எழவேண்டியதுதான். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு 2021 வரை காத்திருந்த மக்களிடம், 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயன்களையே மண் மூடிய மாவட்டத்தில், படகுப் போட்டி பற்றிப் பேசுவதா? வீடும் காணியும் சம்பளமும் முதலில் வரட்டும் என்பார்கள். அவை முதலில்தான். ஆனால் தோட்டத்துப் பிள்ளையின் விளையாட்டு எப்போதும் ‘பிறகு பார்ப்போம்’ பட்டியலிலேயே இருப்பதற்கும் இதே வாதம்தான் இருநூறு ஆண்டாகக் கைகொடுத்து வருகிறது. கிரிக்கெட் மட்டைக்கு ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. படகென்றால் மட்டும் துரைமார் ஞாபகம் வந்துவிடுகிறது.

இலங்கையின் பாய்ப்படகு வரலாற்றில் மலைச் சரிவோடு உறவுள்ள ஒரு பெயரும் இருக்கிறது. பொறியியலாளர் ரே விஜேவர்த்தன 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்ப்படகு ஓட்டியவர். அதே மனிதர்தான் சரிவு நிலத்தில் மண் அரிக்காமல் பயிர் செய்வது பற்றியும், வேலியில் நிற்கும் கிளிரிசிடியாவை எரித்து மின்சாரம் எடுப்பது பற்றியும் ஓயாமல் பேசிவந்தவர். காற்றையும் சரிவையும் ஒரே கண்ணால் பார்த்த அவரைப் போன்ற ஒருவர் தோட்டத்து லயனிலிருந்து வர வாய்ப்பே இல்லை என்று யாரால் அடித்துச் சொல்லமுடியும்?

செய்யவேண்டியது பெரிய திட்டமில்லை. மாகாண விளையாட்டு அதிகாரிகள் பத்துப் படகுகளைக் கழகத்துச் சொத்தாக எழுதட்டும். எந்தத் தனி ஆளின் பெயரிலும், எந்தக் கம்பனியின் பெயரிலும் வேண்டாம். பெருந்தோட்டக் கம்பனிகள் பணம் தரட்டும். பாயில் தங்கள் தேயிலையின் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும். லிப்டன் செய்ததும் அந்த விளம்பரம்தானே. பசறை, ஹாலிஎல, வெலிமடை, மகியங்கனை என்று வலயத்துக்கு இரண்டு பாடசாலை. தமிழ்ப் பாடசாலையும் சிங்களப் பாடசாலையும் தனித்தனிப் படகில் ஏறாமல், ஒரு படகில் ஒருவர் சுக்கானும் ஒருவர் கயிறுமாக ஏறட்டும். ஓட்டத்துக்கு ஓட்டம் இடம் மாறட்டும். பெண் பிள்ளைகள் பாதி இருக்கவேண்டும். ஞாயிறு பஸ் இல்லாத தோட்டத்துக்கு வாகனம் அனுப்பவேண்டும். இந்தக் கடைசி வரியை மறந்தால் மேலே எழுதிய எதுவும் நடக்காது. மலையகப் பிள்ளைகள் பயிற்சிகளை விட்டு நிற்பதற்குச் சோம்பல் காரணமில்லை. திரும்பி வர வண்டி இல்லாததே காரணம்.

ஒரு பருவம் ஓடிப் பார்க்கலாம். கிண்ணத்தில் பெயர் பொறிக்கும்போது சுக்கான் பிடித்தவரின் பெயரோடு கயிறு இழுத்தவரின் பெயரும், அந்த நாளில் கொடி பிடித்தவரின் பெயரும் வரட்டும். அடுத்த ஆண்டு ஆள் குறைந்தால், எத்தனை படகு மிச்சம் என்று எண்ணாமல், எந்தத் தோட்டத்திலிருந்து எந்தப் பிள்ளை வரவில்லை, ஏன் என்று விசாரிக்க ஒருவரை அனுப்பட்டும். அந்த ஒருவருக்குப் போக்குவரத்துப் படி கொடுக்க வரவுசெலவில் ஒரு வரி ஒதுக்கினால், அது பாய்த்துணிக்கு ஒதுக்கும் வரியைவிட நல்ல செலவாக இருக்கும்.